மனதைப் படிக்கப் போகும் இளைஞனே, கொஞ்சம் நில்!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கல்வி வழிகாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உளவியலில் எம்.ஏ. படிக்க ஆசை. கடையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போக முடியாது. வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் படிக்கலாமா?" இந்தக் கேள்வியைக் கேட்கும் இளைஞர்கள் நம்மில் பெருகிவிட்டார்கள். படித்தால் பி.காம்., இல்லையென்றால் சபர் என்று இருந்த வீடுகளிலிருந்து இப்படி ஒரு கேள்வி வருவதே மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பதிலின் முதல் வரி கசப்பானது. அதை மறைத்துவிட்டு இனிப்பாகப் பேசிச் செல்ல எனக்கு மனமில்லை.

இந்தியாவில் அந்தக் கதவு 2025-ல் சாத்தப்பட்டுவிட்டது. சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைதூர வழியிலோ ஆன்லைன் வழியிலோ நடத்தக் கூடாது, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் புதிய சேர்க்கை கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது. அந்தப் பட்டியலில் உளவியலும் இருக்கிறது. சுகாதாரத் துணைத் தொழில்களுக்காக 2021-ல் இயற்றப்பட்ட தேசிய ஆணையச் சட்டம்தான் இதற்கு அடிப்படை.

அதற்கு முன்பு நிலைமை என்ன? இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பட்டதாரியும் எம்.ஏ. உளவியலில் சேரலாம். பி.காம். படித்தவரும் சேரலாம், பி.எஸ்சி. படித்தவரும் சேரலாம். இரண்டு ஆண்டுப் படிப்பு. முடிக்க நான்கு ஆண்டுவரை அவகாசம். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. கல்லாவில் உட்கார்ந்தவனும், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்த தாயும் இந்த வழியில்தான் முதுகலைப் பட்டம் வாங்கினார்கள். கல்யாணத்தோடு படிப்பு நின்றுபோன நம் சகோதரிகளுக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்பதை எண்ணிப் பாருங்கள்!

இந்தத் தடையில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. உடைந்த மனதோடு எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் எப்படிப் பேசுவது, எங்கே மௌனமாக இருப்பது, எப்போது மனநல மருத்துவரிடம் அனுப்புவது என்பதைத் திரையைப் பார்த்துக் கற்க முடியாது. அனுபவசாலியின் கண்காணிப்பில் பழக வேண்டும். ஆனால் உளவியல் படிக்கிற எல்லோரும் சிகிச்சை செய்யவா படிக்கிறார்கள்? ஆசிரியர் படிக்கிறார். தொழிற்சாலையில் ஆட்களை நிர்வகிப்பவர் படிக்கிறார். எல்லோரையும் ஒரே கோலால் அடித்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. மூடியவர்கள் மாற்று வழியாக அரசுக் கல்லூரிகளில் மாலை வகுப்போ வார இறுதி வகுப்போ திறக்க வேண்டும். இதை நாம் கோரிக்கையாக எழுப்ப வேண்டும்.

சரி, ஏற்கனவே சேர்ந்துவிட்டவர்கள் என்ன செய்வது? பயந்து பாதியில் விடாதீர்கள்! தடை புதிய சேர்க்கைக்குத்தான். உங்களுக்குரிய அவகாசத்துக்குள் முடித்துவிடுங்கள். அடுத்த முறை மறுபடி சேர்ந்துகொள்ளலாம் என்ற தெம்பு இப்போது கிடையாது.

எப்படி முடிப்பது? அதையும் உளவியலே சொல்லிக் கொடுக்கிறது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் நூலாக வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே கரைந்துவிடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால் நிற்கிறது. 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்கர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். மறுபடி மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

இதில் வேலை பார்ப்பவனுக்கு எவ்வளவு பெரிய செய்தி இருக்கிறது! ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம் உட்கார உங்களால் முடியாது, அது தேவையும் இல்லை. காலையில் கடை திறக்கும் முன் அரை மணி நேரம் படியுங்கள். மதியம் வியாபாரம் மந்தமாக இருக்கும்போது, பழைய பில் தாளின் பின்பக்கத்தில், காலையில் படித்ததை நினைவிலிருந்து எழுதுங்கள். இரவு ஷட்டரை இறக்கிய பிறகு விட்டுப்போனதை மட்டும் பாருங்கள். மூன்று நாள் கழித்து மறுபடி ஒரு முறை. இவ்வளவுதான்.

பலர் தடுக்கி விழுவது புள்ளியியல் பாடத்தில். திட்ட விலக்கம், ஒட்டுறவு என்றதும் நடுங்குகிறார்கள். நம் வியாபாரப் பிள்ளைகளுக்கு இதில் நடுக்கம் தேவையில்லை. தினசரி விற்பனையின் சராசரி என்ன, எந்த நாள் அதிலிருந்து எவ்வளவு விலகியது என்று மனக்கணக்காகவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். நூறு ரூபாய் லாபம் தரும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் நஷ்டம் தரும் வலி பெரிது என்று கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதினார்கள். கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் பரிசே கிடைத்தது. நம் கடைத்தெருவில் கேட்டிருந்தால் இலவசமாகவே சொல்லியிருப்பார்கள்!

செய்முறையையும் ஆய்வறிக்கையையும் கடைசிக்குத் தள்ளாதீர்கள். வழிகாட்டி கிடைக்க வேண்டும், முன்மொழிவுக்கு ஒப்புதல் வர வேண்டும். படிப்பு முடிந்தும் பட்டம் கைக்கு வராமல் நிற்பது பெரும்பாலும் இங்கேதான்.

இனிமேல் சேர நினைப்பவர்களுக்கு வருகிறேன். ஏமாறாதீர்கள்! கதவு மூடியதும் பக்கத்துச் சந்தில் கள்ளச் சாவி விற்பவர்கள் வருவார்கள். "ஒரே வருடத்தில் எம்.ஏ.", "கவுன்சிலிங் டிப்ளமோ, உடனே தொழில் தொடங்கலாம்" என்று விளம்பரம் வந்தால், பணம் கட்டும் முன் மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் மானியக் குழுவே வெளியிடுகிறது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் சில, வேறு துறைப் பட்டதாரிகளுக்கு ஆன்லைனில் உளவியல் எம்.எஸ்சி. நடத்துகின்றன. அவற்றில் பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றவையும் உண்டு. ஆனால் கட்டணம் கனம். அந்தப் பட்டத்தை இந்தியாவிலோ வளைகுடாவிலோ ஏற்பார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒரு பவுண்டும் கட்டாதீர்கள்.

பட்டம் முக்கியமில்லை, அறிவுதான் வேண்டும் என்பவர்களுக்குச் செலவே இல்லை. இக்னோவின் பாடநூல்கள் இ-ஞான்கோஷ் தளத்தில் இலவசம். அரசின் ஸ்வயம் தளத்திலும் உளவியல் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம்.

சகோதரர்களே, இன்னொன்றை உரக்கச் சொல்ல வேண்டும். எம்.ஏ. உளவியல் என்பது சிகிச்சை செய்வதற்கான உரிமம் அல்ல. மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். அவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் படித்தவர். மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்ட வேண்டுமானால், மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய முழுநேரப் படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிய வேண்டும். தபாலில் வந்த பட்டத்தை வைத்துக்கொண்டு நோயாளியை உட்கார வைப்பவன் விளையாடுவது உயிரோடு.

இது வெறும் எச்சரிக்கைக்காகச் சொல்வதல்ல. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. குடும்பங்கள் நம்பிக் கொண்டுவந்து விட்ட மனிதர்கள் அவர்கள். 2017-ன் மனநலச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. ஆனால் சட்டம் வந்ததால் மட்டும் ஒரு ஊருக்கு விவரம் தெரிந்தவர்கள் கிடைத்துவிடுவதில்லை. பத்தாம் நூற்றாண்டில் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கி உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணமே தெரியாத துக்கம் வேறு என்று அன்றே பிரித்துக் காட்டினார். அப்படிப்பட்டவரை நம் வரலாற்றில் வைத்துக்கொண்டு, தூக்கம் கெட்டு ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் மகனை 'சோம்பேறி' என்று திட்டிக்கொண்டிருக்கிறோம்.

படிப்பை முடித்தவர்கள் ஊரில் செய்யக்கூடிய வேலை இதுதான். அடையாளம் காண்பது, காது கொடுத்துக் கேட்பது, சரியான இடத்துக்கு அழைத்துச் செல்வது. படிக்காதவர்களும் ஒரு எண்ணைக் கடைச் சுவரில் எழுதி வைக்கலாம்: 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. இன்றே எழுதிவிடுங்கள்.