தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது?

கிணற்று மோட்டாரை வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே செல்போனில் போடவும் நிறுத்தவும் உங்களில் பலர் பழகிவிட்டீர்கள். அதே வித்தையை ஊர்க் குடிநீர்த் தொட்டிக்கும் வைக்கலாம்.

தொட்டி நிரம்பி வழியாமல் மோட்டாரை நிறுத்துவதுதானே என்று நினைக்க வேண்டாம். தொட்டிக்குள் நீர்மட்டம் காட்டும் சென்சார் ஒன்றை மாட்டினால், மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்று செல்போனில் தெரியும். சூட்சுமம் அதில்தான் இருக்கிறது.

உங்கள் ஊர்த் தொட்டி 30,000 லிட்டர், நீரின் உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. இறங்கினால் 1,000 லிட்டர். ஒருநாள் இரவு ஊரில் சொல்லிவைத்து வீட்டுக் குழாய்களையெல்லாம் மூடச் செய்யுங்கள். மோட்டார் ஓடக் கூடாது; தொட்டி வால்வு மட்டும் திறந்திருக்கட்டும். இரவு 11 மணியிலிருந்து விடிகாலை 4 மணிக்குள் 20 செ.மீ. இறங்கியிருந்தால், 2,000 லிட்டர் எங்கேயோ போயிருக்கிறது. மணிக்கு 400 லிட்டர்! நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் நின்றால் 9,600 லிட்டர். மத்திய அரசு 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு. அப்படியானால் 170 பேருக்கு மேல் உள்ள பங்கு மண்ணுக்குள் போகிறது. தெருத் தெருவாக வால்வை மூடிப் பார்த்தால் எந்தத் தெரு என்பது சிக்கிவிடும்.

தண்ணீர் போவதோடு விஷயம் முடிவதில்லை. பல ஊர்களில் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் விடுகிறார்கள். மற்ற நேரத்தில் குழாய் காலியாகி, அதே ஓட்டை வழியே சாக்கடை உள்ளே இறங்கும். குழந்தைக்குப் பேதி கண்டால் நாம் என்னவோ தின்பண்டத்தைத்தான் சந்தேகப்படுகிறோம்! அதனால்தான் கடைசித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர அளவு சொல்கிறது. பரிசோதனைப் பெட்டியில் உள்ள மருந்தை விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் போதும். அதைத் தேதியோடு செல்போனில் படம் பிடித்து வையுங்கள், அதுவே பதிவேடு.

கருவி விற்க வருகிறவர் கலர் கலராகப் படம் காட்டுவார். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. சிம்முக்கு மாதாமாதம் யார் பணம் கட்டுவது? கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்? பழைய கணக்கு ஊராட்சி கையில் இருக்குமா? தொட்டி இயக்குபவருக்குச் சொல்லிக்கொடுக்காமல் மாட்டினால், கொஞ்ச நாளில் அது காக்கை உட்காரத்தான் ஆகும்.

மார்ச் 22, உலக நீர் நாளன்று கிராம சபை கூடும்போது இந்த இரவுக் கணக்கைக் கேளுங்கள். தொட்டிக்கு வெளியே மிதவை அளவுகாட்டி உள்ள ஊர்கள் கருவிக்காகக் காத்திருக்க வேண்டாம். கீழே நின்று டார்ச் அடித்தே கணக்குப் போடலாம். இருட்டில் தொட்டி மேல் மட்டும் ஏறாதீர்கள்.