அமெரிக்காவில் பல் மருத்துவம் படிக்கப் போறீங்களா? முதல்ல பாஸ்போர்ட்டில் உங்க பேரைப் பாருங்க

(பி.டி.எஸ். பயிற்சி மருத்துவர்களிடமும் பெற்றோரிடமும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பி.டி.எஸ். பயிற்சி ஆண்டில் இருக்கிறவங்க, திருமணமாகி அமெரிக்கா போகப்போறவங்க, அவங்களை அனுப்பி வைக்கப்போற அப்பா அம்மா, உங்க எல்லோரையும் மனசில் வைத்துத்தான் பேசறேன். கையில் செல்போன் இருக்கும். நான் சொல்லும்போதே அதில் சிலதைச் சரிபார்த்துக்கலாம்.

முதல்ல ஒரு கசப்பான விஷயம். நம்ம பி.டி.எஸ். பட்டத்தை மட்டும் வைத்து அமெரிக்காவில் நேரே கிளினிக் திறக்க முடியாது. எம்.டி.எஸ். முடித்து இங்கே 10 வருஷம் கிளினிக் நடத்தியவருக்கும் பெரும்பாலும் அதே கதைதான். அங்கே உரிமம் கொடுப்பது ஒவ்வொரு மாநிலத்தின் பல் மருத்துவ வாரியம். பெரும்பாலான மாநிலங்கள் எதிர்பார்ப்பது 'கோடா' என்ற கல்வி அங்கீகார ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற பள்ளியில் வாங்கிய பட்டம். அதனால்தான் வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்களை இடையில் சேர்த்துக்கொள்ளும் 'அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங்' படிப்பை அங்குள்ள பல பள்ளிகள் நடத்துகின்றன. பாஸ்டன், டஃப்ட்ஸ், நியூயார்க், பென்சில்வேனியா, மிச்சிகன், கொலராடோ பல்கலைக்கழகங்களில் எல்லாம் இது உண்டு. 2 முதல் 3 ஆண்டு படிப்பு. முடித்தால் டிடிஎஸ் அல்லது டிஎம்டி பட்டம் கிடைக்கும். பெயர்தான் வேறு, இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே. எது பெரியது என்று மாப்பிள்ளை வீட்டில் சண்டை போட வேண்டாம்.

விண்ணப்பிக்க 'கேப்பிட்' என்று ஒரு பொது இணையதளம் இருக்கிறது. அமெரிக்கப் பல் மருத்துவக் கல்விச் சங்கம் நடத்துவது. நம்ம ஊர் கவுன்சலிங் மாதிரி ஒரே இடத்தில் விண்ணப்பம் போட்டுப் பல பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கவுன்சலிங் மாதிரி ரேங்க் பார்த்து இடம் தர மாட்டாங்க. முடிவு ஒவ்வொரு பள்ளியின் கையில். வழக்கமாக மார்ச் மாதத் தொடக்கத்தில் தளம் திறக்கும். கடைசித் தேதியும் பள்ளிக்குப் பள்ளி மாறும்.

இதெல்லாம் யூடியூபில் கிடைக்கிற செய்திதான். அங்கே யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நம்ம பிள்ளைகள் பலர் வருஷத்தைத் தொலைப்பது பரீட்சையில் இல்லை, பேரில்.

நம்ம ஊரில் பெயர் எப்படி? அப்பா பேரின் முதல் எழுத்து இனிஷியல், பின்னால் நம்ம பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'பிரியா கே' என்று இருக்கும். பட்டத்தில் 'கே. பிரியா'. பாஸ்போர்ட்டில் இயற்பெயர் 'பிரியா', குடும்பப் பெயர் அப்பாவின் முழுப்பேர். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவருக்கு அங்கே கணவர் பேர். நமக்கு இவங்க எல்லோரும் ஒரே பொண்ணுதான். அங்கிருக்கும் கணினிக்கு நாலு பேர்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் இன்னொரு வேடிக்கை. அமெரிக்க விசாவில் உங்க பேர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், இயற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். 5 வருஷம் படித்து டாக்டர் ஆனவருக்கு முதல் பெயர் தெரியவில்லையாம்!

இது சிரிப்போடு முடிந்தால் பரவாயில்லை. ஐஎன்பிடிஇ என்ற தேசிய வாரியத் தேர்வு எழுத, முதலில் 'டென்ட்பின்' என்று ஒரு எண் வாங்கணும். அதில் கொடுத்த பேரும் தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையில் இருக்கும் பேரும் ஒத்துப்போகணும். போகலைன்னா உள்ளே விட மாட்டாங்க. கட்டிய பணமும் போகும். டோஃபல் தேர்விலும் இதே கண்டிப்பு.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். திருமணமாகி எச்-4 விசாவில் போனவர். அங்கே போய் ஒரு வருஷம் கழித்துத்தான் படிக்கலாம் என்ற யோசனை வந்தது. மதிப்பெண் சான்று, பட்டம் எல்லாம் விருதுநகரில் வீட்டு பீரோவில். பல்கலைக்கழக மதிப்பெண் தொகுப்பு, அதாவது டிரான்ஸ்கிரிப்ட், வாங்க ஓய்வுபெற்ற அப்பா அதிகாரக் கடிதத்தோடு ரயிலேறினார். பாஸ்போர்ட்டில் இருந்த பேர் வேறு, பட்டத்தில் இருந்த பேர் வேறு. முதல் தடவை திரும்பி வந்தார். பிரமாணப் பத்திரத்தோடு மறுபடி போனார். மூன்றாவது பயணத்தில் உறை கிளம்பியது. அதற்குள் அந்த ஆண்டின் விண்ணப்பக் காலம் முடிந்துவிட்டது. போனில் மகள் அழுதாளாம். "என் காலு வலிகூடப் பரவால்ல சார், அவ ஒரு வருஷம் சும்மா உக்காந்திருக்கணுமே"ன்னு என்கிட்ட சொன்னார். குற்றம் யாரிடமும் இல்லை. விமானம் ஏறும் முன்னால் ஒரு மத்தியானம் செலவழித்திருந்தால் முடிந்திருக்கிற வேலை.

அதனால் என்ன செய்யணும்? பாஸ்போர்ட்டை மூலமாக வைத்துக்கொள்ளுங்க. டென்ட்பின், டோஃபல், கேப்பிட் எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே வரிசை. இனிஷியலை விரித்து எழுத வேண்டியிருந்தால், பேரே மாறியிருந்தால், தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டு அந்தப் பக்கத்தைப் பத்திரப்படுத்துங்க. அந்த வேலையை எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை செய்கிறது. திருமணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் பேரை மாற்றலாமா என்று யோசிக்கிறவங்க, தேர்வுப் பதிவுகளுக்கு முன்னால் மாற்றுங்க. இல்லையென்றால் படிப்பு முடியும்வரை மாற்றாதீங்க. நடுவில் மட்டும் வேண்டாம்.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட். டிஜிலாக்கரில் மதிப்பெண் சான்று இருக்கு, பிடிஎஃப் ஆக அனுப்பினால் போதாதா என்று கேட்பீங்க. போதாது. ஐஎன்பிடிஇ எழுதும் வெளிநாட்டுப் பட்டதாரிகளின் கல்வியை 'இசிஇ' என்ற நிறுவனம் மதிப்பிட்டு அறிக்கை தரணும். அவர்களுக்கு ஆவணம் நீங்க படித்த பல்கலைக்கழகத்திடமிருந்தே போகணும். நீங்க கையால் தொட்ட நகலுக்கு மதிப்பில்லை. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் படித்தவங்க கிண்டியில் விண்ணப்பிக்கணும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவங்க அங்கேயே கேட்கணும். கல்லூரி வேறு, பல்கலைக்கழகம் வேறு. பலர் கல்லூரி அலுவலகத்தில் போய் நின்று ஒரு மாதம் வீணாக்குகிறார்கள். பயிற்சி முடித்த சான்று வாங்கும் வாரத்திலேயே இதையும் கேட்டுவிடுங்க. உறை எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடுதலாகவே இருக்கட்டும்.

பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியருக்கு கேப்பிட் தளத்திலிருந்து மின்னஞ்சல் போகும். அவர் அதைத் திறந்து பதிவேற்றணும். அந்த மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டியில் கிடந்து செத்துப்போன கதைகள் எனக்கு நிறையத் தெரியும். அனுப்பிய அன்றே போன் போட்டுச் சொல்லுங்க. மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டாங்க.

ஐஎன்பிடிஇ தேர்வு பற்றிச் சுருக்கமாகச் சொல்றேன். 500 கேள்வி, 2 நாள். 2020 ஆகஸ்டில்தான் வந்தது. பழைய முதல் பாகம், இரண்டாம் பாகம் இரண்டையும் சேர்த்து ஒரே தேர்வாக ஆக்கினார்கள். அதனால் அண்ணன் கொடுத்த பழைய புத்தகத்தை வைத்தே படிக்காதீங்க. தேர்ச்சி பெற்றவருக்கு மதிப்பெண் சொல்ல மாட்டாங்க, தேர்ச்சி என்று மட்டும் வரும். அதனாலேயே பள்ளிகள் உங்களை எடைபோட வேறு விஷயங்களைத் தேடுகின்றன. தேர்வு மையம் எங்கே என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் பாருங்க. இதற்காகவே அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ போய் எழுதிவிட்டு வந்தவங்க உண்டு. டோஃபல் மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும். ரொம்ப சீக்கிரம் எழுதினாலும் வம்பு.

பள்ளிகள் தேடும் அந்த 'வேறு விஷயங்களில்' பெரியது பெஞ்ச் டெஸ்ட். பல பள்ளிகள் நேர்காணலோடு சேர்த்து வைக்கின்றன. டைப்போடான்ட் என்ற மாதிரித் தாடையில் பிளாஸ்டிக் பல்லைக் குடையச் சொல்வார்கள். கிரவுன் தயாரிப்பு, கிளாஸ் 2 குழி. நேரம் குறிக்கப்பட்டிருக்கும். நம்ம அரசு மருத்துவமனை ஓபியில் வரிசையாக நோயாளிகளைப் பார்த்துப் பழகிய கை வேகமான கை. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அங்கே வேகத்துக்கு மதிப்பெண் இல்லை. அரை மில்லிமீட்டர் கூடக் குடைந்தால் குறை. பக்கத்துப் பல்லில் பர் பட்டு ஒரு கீறல் விழுந்தால் பெரிய குறை. இங்கிருக்கும்போதே பயிற்சி ஆய்வகத்தில், கண்ணாடியில் பார்த்துக் குடைந்து பழகுங்க. நேராகக் குனிந்து பார்த்தே வேலை செய்து பழகியவங்க அங்கே திணறுவாங்க. இதற்குக் கட்டணப் பயிற்சி மையம் தேடுவதற்கு முன்னால், உங்க கல்லூரிப் பேராசிரியரிடம் சாயங்காலம் ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்க.

பணம். அப்பா அம்மா கவனிக்கணும். தனியார் பள்ளிகளில் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்தால் படிப்பு முடிவதற்குள் 2 லட்சம் டாலரைத் தாண்டுவது சகஜம். இங்கே ரூ.7.5 லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் பொதுத்துறை வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். இருக்கிற ஒரே வீட்டின் பத்திரம்தான் ஈடு என்றால், இடம் கிடைக்காமல் போகும் ஆண்டுகளுக்கான செலவையும் கணக்கில் வையுங்க. விண்ணப்பக் கட்டணம், தேர்வு, பெஞ்ச் டெஸ்ட், விமானம் எல்லாம் திரும்பி வராத பணம். முதல் முறையிலேயே எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை.

இடம் வாங்கித் தருகிறேன், அனுபவச் சான்று ரெடி பண்ணித் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களிடம் பேசவே வேண்டாம். பள்ளியில் இடம் வாங்கித் தர எந்த முகவருக்கும் அதிகாரம் இல்லை. பொய்ச் சான்று பிடிபட்டால் அந்த ஆண்டு மட்டும் போகாது, அதன்பிறகு எந்தப் பள்ளியும் நம்பாது.

கடைசியாக, நம்ம தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்தின் பதிவு. வெளிநாடு போகிறோமே, இனி எதற்கு என்று புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அங்கே விண்ணப்பிக்கும்போது, இவர் ஒழுங்காகத் தொழில் செய்த பதிவு பெற்ற மருத்துவர் என்று நன்னடத்தைச் சான்று கேட்கக்கூடும். காலாவதியான பதிவுக்கு அதை வாங்குவது பெரும்பாடு. அட்டையை எடுத்துப் பாருங்க. தேதியைச் செல்போன் காலண்டரில் இப்பவே போட்டு, ஒரு மாதம் முன்னாடியே மணி அடிக்கிற மாதிரி வையுங்க.