முழவும் முழவரும்

(கிராமக் கலைவிழா ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று காலையில் நம்மை இப்பந்தலுக்கு அழைத்து வந்தது பறை. கோயில் வாயிலில் நம்மை வரவேற்றது தவில். மாலையில் இசையரங்கில் மிருதங்கம் முழங்கவிருக்கிறது. ஒரே நாளில் மூன்றையும் கேட்டு மகிழும் நாம், மூன்றுக்கும் ஒரே மதிப்பு அளிக்கின்றோமா என்பதைச் சற்றே சிந்திப்போம்.

தொல்காப்பியம் நிலங்களின் கருப்பொருள்களைக் கூறுமிடத்துத் தெய்வம், உணவு முதலியவற்றோடு பறையையும் ஒன்றாக வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி எனப் பிற்காலத்தோர் வகுத்துரைத்தனர். முழவில்லாத நிலத்தை முன்னோர் எண்ணியும் பார்க்கவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டில் யோருபா மக்களிடையே துந்துன் என்றொரு முழவு உண்டு. நம் உடுக்கையைப் போலவே இடை சிறுத்தது. அதன் வாரை இறுக்கினால் சுருதி உயரும், தளர்த்தினால் தாழும். யோருபா மொழியில் குரலின் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருளே மாறுபடும். ஆதலின், அவ்வேற்ற இறக்கத்தைக் காட்டும் முழவு வாழ்த்தும் பழமொழியும் பேச வல்லதாகிறது. அங்கு முழவர் குடியில் பிறந்தோர் 'ஆயான்' என்னும் சொல்லைத் தம் பெயரின் முன்னே பெருமையுடன் தாங்குவர். நாமோ முழவின் பெயரையே ஒரு மக்களுக்கு இழிசொல்லாக்கி வைத்தோம். அங்கும் தோல்தான், இங்கும் தோல்தான். வேற்றுமை நம் மனத்தில் உள்ளது.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். பலாமரத்தைக் குடைந்து, பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோலைப் பதப்படுத்தி, வலந்தலையில் கல்தூளும் சோறும் கலந்த கரணையைச் சிறிது சிறிதாக இட்டுத் தேய்த்தால்தான் நாதம் பிறக்கும். பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பைப் போற்றியவர் பலர். அவருக்கு மிருதங்கம் செய்தளித்த பர்லாந்தை அறிந்தவர் சிலரே. மிருதங்கம் செய்வோரின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூலாக 2020-இல் வெளியிட்ட பின்னரே அக்கைவினைஞர்களின் பெயர்கள் பலர் செவிக்கு எட்டின. அலங்காநல்லூர்ப் பறையிசை ஆசான் வேலுவுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நாடு மதிக்கத் தொடங்கிவிட்டது. ஊர் மதிக்க வேண்டாமா?

நாம் செய்யத்தக்கவை எளியவை. சாவு வீட்டில் பறையடித்தே தீரவேண்டும் என்று எவரையும் பிறப்பைக் காட்டி வற்புறுத்தலாகாது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, தன் 17-ஆவது பிரிவால் தீண்டாமையை ஒழித்துவிட்டது. விருப்பத்துடன் வாசிக்க வருவோர்க்குக் கூலியை முன்னதாகவே பேசி, அன்றைக்கே கொடுத்தல் வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் அவர்கள் பதிவு செய்துகொள்ள, எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் உதவலாம். நம் பள்ளிச் சிறார்க்கு, எக்குடியில் பிறந்தவராயினும், தாளம் கற்பிக்க ஊர் முழவரையே ஆசிரியராக அழைக்கலாம்.

தோலில் ஈரம் ஏறினால் பறை மங்கும். நெருப்பில் காய்ச்சினால் மீண்டும் முழங்கும். மங்கிப்போன நம் ஊர் ஒற்றுமையையும் அவ்வாறே காய்ச்சி எடுக்க வேண்டியிருக்கிறது. அதனை நாளைக்கென ஒத்திவைக்க வேண்டாம். காலையில் நம்மை அழைத்து வந்த பறைக் கலைஞர்கள் பந்தலுக்கு வெளியே நிற்கின்றனர். இன்றைய மதியப் பந்தியில் அவர்களை நம்மருகே அமர்த்தி உண்போம். விழா அங்கிருந்து தொடங்கட்டும்.