கைலிக்கும் முன்வரிசை

 

2014 ஜூலை 11. சென்னை சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்துக் கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டு விழா. உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டிக்கொண்டு போகிறார். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாடே கொதித்தது. அடுத்த மாதமே சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். கை தட்டினோம். தட்ட வேண்டியதுதான்.

அந்த வாசலில் கைலி கட்டிய ஒருவர் நின்றிருந்தால் நாம் கொதித்திருப்போமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

சினிமாவில் நாட்டாமை வந்தால் வேட்டி, அடியாள் வந்தால் கைலி. பார்த்துப் பார்த்து நமக்கும் பழகிவிட்டது. கொடிக்காலில் வேலை செய்கிறவர், மீன் கூடை தூக்குகிறவர், லாரி ஓட்டுகிறவர் கட்டுவது கைலி. அவர் அதோடு வங்கிக்குள் வந்தால் ஏற இறங்கப் பார்க்கிறோம். சில இடங்களில் உள்ளே வரக் கூடாது என்று பலகையே எழுதி மாட்டியிருக்கிறார்கள். கிளப்காரர் வேட்டிக்குச் செய்ததை நாம் கைலிக்குச் செய்கிறோம்.

நம் கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் தறிக்குழியில் கால் வைத்துக் கைலி நெய்த குடும்பங்கள் எத்தனை! பழவேற்காட்டுக் கட்டம்போட்ட துணி கப்பலேறிக் கீழைக்கடல் நாடுகளுக்கெல்லாம் உடையானது. 2019இல் இந்தோனேசியாவின் துணை அதிபராகப் பதவியேற்ற மஅரூஃப் அமீன் ஒரு மார்க்க அறிஞர். பதவிப் பிரமாண மேடைக்கே கைலியோடுதான் வந்தார். அந்த நாட்டின் மானம் போய்விடவில்லை.

ஸ்காட்லாந்து மலைநாட்டார் இடுப்பில் கட்டும் கில்ட்டும் நம் கைலி போலக் கட்டம்போட்ட துணிதான். அவர்கள் கிளர்ந்தெழுந்து தோற்றபோது, 1746இல் லண்டன் அரசு சட்டம் போட்டு அந்த உடையைத் தடுத்தது. முதல் தடவை கட்டினால் ஆறு மாதச் சிறை, மறுபடி கட்டினால் ஏழாண்டு நாடுகடத்தல். 1782இல்தான் தடை நீங்கியது. ஒரு கூட்டத்தாரை அடக்க வேண்டுமானால் முதலில் அவர்கள் இடுப்பில் கை வைக்கிறார்கள், கவனியுங்கள்.

நமக்குள்ளும் ஒரு சின்ன வழக்கு ஓயாமல் நடக்கிறது. மூட்டிய கைலியா, மூட்டாததா? இடப்பக்கம் மடிப்பா, வலப்பக்கமா? இதை வைத்தே இவர் இன்னார் என்று எடைபோடுகிறோம். மார்க்கப் பற்றோடு கரண்டைக்கு மேல் நிற்கக் கட்டுகிறார் ஒருவர். சிதம்பரம் கீழவீதியில் பஞ்சகச்சத்தோடு போகிறார் இன்னொருவர். நடவு வயலில் தார்பாய்ச்சிக் கட்டுகிறார் மற்றொருவர். ஒட்டிக்கோ வேட்டியில் வரும் கல்லூரிப் பிள்ளையைப் பார்த்து, "கட்டவே தெரியலையே" என்று சிரிக்கிறோம். அவன் ஆசையாக உடுத்தியதே பெரிது, ஐயா!

எந்தப் பக்கம் சொருகியவராக இருந்தாலும், மடித்துக் கட்டியபடி வருகிறவர் எதிரே ஒரு பெரியவரைக் கண்டால் சட்டென்று இறக்கிவிடுகிறார். வீராணம் ஏரிக்கரை நெடுக, சாதி மதம் பாராமல் எல்லோருக்கும் இருக்கிற மரியாதை அது.

விழாக் குழுவினருக்கும் மண்டபக்காரர்களுக்கும் என் கோரிக்கை ஒன்றுதான். "லுங்கிக்கு அனுமதி இல்லை" என்ற பலகை எங்கே தொங்கினாலும் கழற்றுங்கள். அடுத்த விழாவுக்குக் கைலி கட்டி வருகிறவரைக் கைபிடித்து அழைத்து வந்து, முன்வரிசையில் உட்கார வையுங்கள்.