பொருளுதவியும் வன்கொடுமையும்

(புதுக்கோட்டையில் ஆற்றப்பெற்ற பொழிவு)



இப் புதுக்கோட்டை மாவட்டத்தில் இலேனாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய மூன்றிடங்களில் ஈழத்தமிழ் ஏதிலியர் குடியிருப்புகள் உள. அவர்தம் துயருக்கும், செல்வநாடுகள் கொழும்புக்கு வழங்கிய பொருளுதவிக்கும் தொடர்புண்டோ எனின், உண்டு.

வெளிநாட்டுதவி வறுமையைப் போக்கும். வறுமை நீங்கின், ‘பயங்கரவாதம்’ என வடசொல்லாற் சுட்டப்பெறும் வன்கொடுமையும் ஒழியும் என்பர் சிலர். ஈழ வரலாறு இதனை மெய்ப்பிக்கவில்லை. ஈழத்து இளைஞர் படைக்கலம் ஏந்தியது வெறும் பசியாலன்று. 1956-இல் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழியாயிற்று. 1970-களில் பல்கலைக்கழக வாயில் தரப்படுத்தலாற் குறுகியது. உரிமையிழப்பே முதற்காரணம்.

1977-க்குப் பின் மாவலியாற்றுத் திட்டத்திற்கு வெளிப்பணம் பாய்ந்தது. விக்டோரியா அணைக்குப் பிரித்தானியாவும், கொத்மலைக்குச் சுவீடனும், இரந்தெனிகலைக்கு மேற்குச் செருமனியும், மாதுறு ஓயாவுக்குக் கனடாவும் உதவின. அக்காலத்திலேயே, 1979-இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983 சூலையில் தமிழர் கொன்று குவிக்கப்பட்டனர். ஆயினும், கொடுத்த கைகள் மடங்கவில்லை.

உழவன் ஒருவனுக்கு அயலான் நெல்லளந்தால், நெல்லுக்கென வைத்த காசு அவன் கையில் மிஞ்சும். அக்காசால் ஏரும் வாங்கலாம், அரிவாளும் வாங்கலாம். அணைக்குக் கொடுத்தவர், அரசின் கருவூலத்தில் மிஞ்சிய பணம் எங்குச் சென்றதென வினவினரா? 1983-க்குப் பின் இலங்கையின் படைச்செலவு பன்மடங்கு பெருகியது.

புதுதில்லி செய்ததும் இத்தகையதே. 1983-க்குப் பின் போராளிக் குழுக்களுக்குப் பயிற்சியும் படைக்கலமும் தந்தது. 1987-இல் அவற்றைக் களைய அமைதிப்படையை விடுத்தது. கொடுப்போன் தன்னலமே கொடையை நடத்தியது.

2003-இல் தோக்கியோவில் கூடிய நாடுகள், அமைதி முன்னேற்றத்தோடு இணைத்து 450 கோடி அமெரிக்கத் தாலர் தருவதாக உறுதிகூறின, போர் மூண்டது. ஆழிப்பேரலையின்பின், உதவியைப் பகிர 2005 சூனில் அரசும் புலிகளும் ஓர் உடன்பாடு கண்டனர். அடுத்த திங்களே இலங்கை உச்சநீதிமன்றம் அதன் முதன்மைக் கூறுகளைத் தடுத்தது. 2009 மே திங்களில் போர் முடிந்தது. இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள்வரை மாண்டிருக்கலாம் என 2011-இல் ஐ.நா. வல்லுநர் குழு கூறியது. போர் முடிந்த இரு திங்களில் பன்னாட்டு நாணய நிதியம் 260 கோடித் தாலர் கடனுக்கு இசைந்தது.

மாந்தவுரிமைக் குறைபாட்டின்பொருட்டு 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் வணிகச் சலுகையை நிறுத்தியது. நிறுத்த இயலும் என்பதற்கு இதுவே சான்று. எனினும், 2017-இல் அச்சலுகை திரும்பியபோதும் பயங்கரவாதத் தடைச் சட்டம் நீக்கப்படவில்லை.

பொதுமக்களைக் கொல்லும் வன்முறை எவர் செய்யினும் அறமன்று; அரசு செய்யின் அது சட்டமெனப் பெயர்பெற்று நிற்கும். ஆதலால், கொடை நாடுகளைத் தமிழர் கேட்க வேண்டுவது கொடையை நிறுத்துவதன்று. பணத்தோடு முறையையும் அளந்து கொடுங்கள். கொடுஞ்சட்டம் நீங்கவும், பறித்த நிலம் திரும்பவும், காணாமற்போனோர்க்கு விடை கிடைக்கவும் கணக்குக் கேளுங்கள் என்பதே. அக்கணக்கு அன்றே கேட்கப்பட்டிருப்பின், அழியாநிலையில் ஏதிலியர் குடியிருப்பு அமைந்திராது.