அவங்க என்ன ஆளுங்க?

காலை எட்டரை மணிக்குச் சின்னசேலம் பேருந்து நிலையத்தில் பள்ளிப் பிள்ளைகள் தோளில் கை போட்டு நிற்கிறார்கள். கல்வராயன் மலையிலிருந்து வந்தவனும் கீழே வளர்ந்தவனும் ஒரே பொட்டலக் கடலையைப் பங்கு போடுகிறார்கள். மாலையில் அதே நண்பன் வீட்டுக்கு வந்தால், அடுப்படியிலிருந்து தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி: "அவங்க என்ன ஆளுங்க?"

பையன் காதில் அது விழாமல் போவதில்லை.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்த வயதுக்குள் அத்தனை சாதி வெறுப்பை ஊட்டியவர்கள் பெரியவர்கள்தான். பின்னர் அமைந்த நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி காட்டும் வண்ணக் கயிறும் மோதிரமும் நெற்றிக்குறியும் வேண்டாம், வகுப்பில் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வையுங்கள் என்றது. யார் பக்கத்தில் யார் என்பதைப் பெயரின் முதலெழுத்து முடிவு செய்யட்டும்! அருமையான யோசனை.

சாதியைத் தாண்டும் வலு நட்புக்கு உண்டு. உத்தரப் பிரதேச கிராமங்களில் பொருளியலாளர் மேட் லோ கிரிக்கெட் போட்டிகள் நடத்தி ஆராய்ந்தார். 2021-இல் முடிவு வெளியானது. பல சாதியினர் கலந்த அணியில் ஆடியவர்களுக்குப் பிற சாதி நண்பர்கள் கூடினார்கள். எதிரணியாக மோதியபோதோ நெருக்கம் பொதுவாகக் குறைந்தது.

தெருவுக்கொரு அணி பிரிக்கும் ஊர்த் திடல்களில், இந்த ஞாயிறு சீட்டுக் குலுக்கி அணி பிரித்துப் பார்க்கலாம்.