சீனாவுக்குப் பிள்ளையை அனுப்பும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

(எஸ்.பி.எம். முடிவுகள் வந்த பிறகு பெற்றோர்களுக்காக நடந்த கல்வி விளக்கக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்று ஞாயிற்றுக்கிழமை. வேலைக்குப் போயிருந்தால் உங்களில் பலருக்கு இரட்டைச் சம்பளம் கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டுப் பிள்ளையின் படிப்புக்காக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2022இல் ஒரு லோரி ஓட்டுநர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பை நிறையக் காகிதம். அவருடைய மகன் 2018 செப்டம்பரில் சீனாவுக்கு டாக்டர் படிப்புக்குப் போனவன். ஏஜெண்ட் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறார். படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். சீன அரசு ஸ்காலர்ஷிப் உண்டு. பட்டத்துக்கு மலேசியாவில் அங்கீகாரம் உண்டு. இ.பி.எஃப். பணம், மனைவியின் நகை, கூட்டுறவுக் கடன் எல்லாம் சேர்த்து 42,000 வெள்ளி கட்டியிருக்கிறார்கள்.

அங்கே போன பிறகுதான் உண்மை தெரிந்தது. ஸ்காலர்ஷிப் என்றது முதல் ஆண்டுக் கட்டணத்தில் ஒரு தள்ளுபடி, அவ்வளவுதான். பாடம் ஆங்கிலத்தில் நடந்தது உண்மை. ஆனால் மருத்துவமனையில் நோயாளி ஆங்கிலமா பேசுவார்? அந்தப் பல்கலைக்கழகம் நம் மருத்துவ மன்றத்தின் பட்டியலில் இல்லை என்பதை இரண்டாம் ஆண்டில் ஒரு சீனியர் சொல்லித்தான் பையன் தெரிந்துகொண்டான். 2020 ஜனவரியில் விடுமுறைக்கு வந்தவன் திரும்பிப் போகவே இல்லை.

நான் அந்த ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தேன். பாதி சீனத்தில் இருந்தது. "இதைப் படித்துப் பார்த்தீர்களா ஐயா?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நம்ம ஆளுதானேன்னு நம்பிட்டேன் சார்" என்றார்.

ஆம், அந்த ஏஜெண்ட் தமிழர்தான்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். வக்கீலே தேவையில்லை. ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போக வேண்டும். அவர் வரும்போது அந்த வாசல் மூடிவிட்டது. நீதிமன்றத்துக்கு 6 ஆண்டு அவகாசம் உண்டு, சரி. ஆனால் யார்மீது வழக்குப் போடுவது? ஏஜெண்டின் அலுவலகம் இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை நடக்கிறது.

இந்தக் கதையை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. சீனாவுக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்லவும் நான் வரவில்லை. ஏனென்றால் என் சொந்த அக்கா மகளே அங்கே படித்தவள்.

ஏன் போனாள்? நம் பிள்ளைகள் ஏன் போகிறார்கள்? ஊர் சுற்றிப் பார்க்கவா? மத்திய அரசியலமைப்பின் 12ஆவது பிரிவு, அரசுக் கல்விக்கூடங்களில் இனத்தையோ மதத்தையோ காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது என்கிறது. 153ஆவது பிரிவு அதற்கு விதிவிலக்கைத் திறக்கிறது. 2019இல் மெட்ரிகுலேஷன் இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கினார்கள். 90க்கு 10 என்ற விகிதத்தைத் தொடவில்லை. 10ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று 2024இல் பிரதமர் அறிவித்தார். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அலமாரி மறைப்பில் உட்கார்ந்து படித்து 7ஏ எடுத்த தோட்டத்துப் பிள்ளை எங்கே போகும்? உள்ளூரில் கதவு அடைபடும்போதுதான் ஏஜெண்ட் வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அந்த நேரத்தில் நாம் அவசரப்படுகிறோம். அவசரத்தில் கையெழுத்துப் போடுகிறோம்.

அதனால், கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: எந்த மொழியில் படிப்பு?

சீன மொழியில் என்றால், பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வில் நான்காம் நிலையாவது கேட்கும். அது இல்லாத பிள்ளை ஓர் ஆண்டு மொழி வகுப்பில் உட்கார வேண்டும். அந்த ஓர் ஆண்டையும் செலவுக் கணக்கில் சேர்த்தீர்களா? ஆங்கிலத்தில் என்றாலும் தப்ப முடியாது. ஆங்கில வழியில் இளங்கலை படிப்பவர்களும் பட்டம் வாங்கும்போது சீனத்தில் நான்காம் நிலையை எட்ட வேண்டும் என்று 2018இல் சீனக் கல்வி அமைச்சே தர விதிமுறை வெளியிட்டது. ஆகவே "சீனமே வேண்டாம்" என்று யார் சொன்னாலும் அது பொய்.

என் அக்கா மகள் ஈப்போ பிள்ளை. 2017இல் சீன அரசு ஸ்காலர்ஷிப்பில் குவாங்சோ நகரத்துக்குப் போனாள். முதல் ஆண்டு மொழி வகுப்பு, பிறகு நான்கு ஆண்டு பன்னாட்டு வணிகம், எல்லாம் மாண்டரினில். முதல் மூன்று மாதம் தினமும் போன் போட்டு அழுதாள். ஆனால் ஒன்று பாருங்கள். ஈப்போ பாசாரில் அவள் அம்மா காய்கறிக் கடை வைத்திருந்தவர். சின்ன வயதிலிருந்தே பிள்ளைக்குக் கண்டனீஸ் காதில் விழுந்துகொண்டே இருந்தது. குவாங்சோவின் பழைய மக்கள் பேசுவது அதே கண்டனீஸ்தான். ஒரு நாள் பழக்காரக் கிழவியிடம் அவள் விலை பேசப் போக, அந்தக் கிழவி ஆச்சரியப்பட்டு இரண்டு ஆரஞ்சு சும்மா கொடுத்தாராம். அன்றிலிருந்து அழுகை நின்றது. தோட்டத்திலும் பாசாரிலும் நாம் காதால் கற்ற மொழியை நாமே மதிப்பதில்லை. அது ஒரு சொத்து.

இரண்டாவது கேள்வி: அந்தப் பட்டம் இங்கே எதற்குச் செல்லும்?

மலேசியாவும் சீனாவும் ஒன்றின் பட்டத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்ளும் உடன்படிக்கையில் 2011இல் கையெழுத்திட்டன. ஏஜெண்டுகள் இதைத்தான் காட்டுவார்கள். ஆனால் பட்டத்தை ஏற்பது வேறு, தொழில் செய்ய அனுமதிப்பது வேறு. டாக்டர் படிப்பென்றால் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் கீழ் உள்ள பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளை திரும்பி வந்து தனியாகத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். எஸ்.பி.எம்.மில் உயிரியல், இரசாயனம், இயற்பியல், கணிதம் எல்லாவற்றிலும் குறைந்தது பி வேண்டும். புறப்படும் முன் உயர்கல்வி அமைச்சின் ஆட்சேபனை இல்லாச் சான்றிதழ், அதாவது என்.ஓ.சி. வாங்க வேண்டும். பொறியியல் என்றால் பொறியாளர் வாரியத்திடம் கேளுங்கள். சட்டப் படிப்பா? ஒரு வக்கீலாகச் சொல்கிறேன், சீனாவில் வாங்கும் சட்டப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே வக்கீல் தொழில் செய்ய முடியாது.

ஏஜெண்டிடம் கேட்காதீர்கள். மருத்துவ மன்றத்துக்கும் மலேசியத் தகுதி முகமைக்கும் நீங்களே எழுதுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். எழுதத் தெரியாது என்றால் எங்களிடம் வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.

மூன்றாவது கேள்வி: பணம் எத்தனை ஆண்டுக்கு, யார் கொடுப்பது?

சீன அரசின் முழு ஸ்காலர்ஷிப் என்றால் படிப்புக் கட்டணம், தங்குமிடம், மருத்துவக் காப்புறுதி, அதோடு இளங்கலை மாணவருக்கு மாதம் 2,500 யுவான். இதற்குப் பிள்ளையே இணையத்தில் நேராக விண்ணப்பிக்கலாம். இளங்கலைக்கு வயது 25க்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் தேர்ச்சியைப் பார்த்துத்தான் தொடர்ந்து கொடுப்பார்கள். "முழு" என்ற சொல் இல்லாத கடிதத்தை ஒன்றுக்கு மூன்று தடவை படியுங்கள்.

சொந்தப் பணம் என்றால், பி.டி.பி.டி.என். கடன் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிடைக்காது. இ.பி.எஃப்.பில் 2024 மே முதல் உள்ள செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்கு எடுக்கலாம். ஆனால் அது உங்கள் வயோதிகத்துக்கு வைத்திருக்கும் சோறு. எல்லா ஆண்டுக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஆண்டுக்கு மட்டும் பணம் இருந்தால் அனுப்பாதீர்கள். பாதியில் திரும்பும் பிள்ளையின் மனசு எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

"அங்கே போய் பார்ட் டைம் வேலை செய்து சமாளிக்கலாம்" என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். அனுமதி இல்லாமல் வேலை செய்தால் சீனச் சட்டப்படி 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். மோசமான வழக்கென்றால் தடுப்புக் காவலும் உண்டு.

இன்னொரு ஏமாற்று. 2025 ஜூலை முதல் மலேசியர்கள் விசா இல்லாமல் 30 நாள் சீனாவில் தங்கலாம். அதைக் காட்டி, "முதலில் பிள்ளையை அனுப்புங்கள், விசாவை அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். படிக்கப் போகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. நீண்ட காலப் படிப்புக்கு எக்ஸ்-1 விசா வேண்டும். போய் இறங்கிய 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விடுதிக்கு வெளியே வாடகைக்குத் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிய வேண்டும்.

தம்பி தங்கைகளே, இது உங்களுக்கு. விமான நிலையத்தில் யாராவது, "இந்தப் பையை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துடு தங்கச்சி" என்றால், தெரிந்தவராக இருந்தாலும் தொடாதீர்கள். 50 கிராம் ஹெராயின் இருந்தால் அங்கே மரண தண்டனை வரை போகும். "எனக்குத் தெரியாது" என்று சொல்லி வெளியே வருவது எவ்வளவு கடினம் என்று ஒரு வக்கீலாக எனக்குத் தெரியும். குவாங்சோவில் நம் நாட்டுத் துணைத் தூதரகம் இருக்கிறது. போன முதல் வாரமே அங்கே பெயரைப் பதிந்துவிடுங்கள்.

அம்மாமார்களே, அங்கே வாட்ஸ்அப் சாதாரணமாக வேலை செய்யாது. பிள்ளை புறப்படும் முன்பே உங்கள் போனில் வீசாட் போட்டுப் பேசிப் பழகிக்கொள்ளுங்கள். குவாங்சோ நம் ஊர் மாதிரி வெயிலும் புழுக்கமும்தான். ஆனால் ஜனவரியில் நன்றாகக் குளிரும். வடக்கே உள்ள நகரங்களில் கட்டடம் முழுக்கச் சூடு வைத்திருப்பார்கள், தெற்கே அது கிடையாது. ஒரு நல்ல கம்பளி கொடுத்து அனுப்புங்கள். மிளகாய்த்தூளை நான் சொல்லாவிட்டாலும் அனுப்புவீர்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். எல்லாம் சரியாகச் செய்தாலும் காலம் புரட்டிப் போடும். 2020 ஜனவரியில் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த என் அக்கா மகளால் திரும்பிப் போக முடியவில்லை. கோவிட் காரணமாகச் சீனா எல்லையை மூடியது. வெளிநாட்டு மாணவர்களுக்கு மறுபடி பரவலாகக் கதவு திறந்தது 2022 ஆகஸ்டில்தான். அவள் மீதிப் படிப்பை ஈப்போ வீட்டு அறையில் கணினி முன் உட்கார்ந்து முடித்தாள். 2022இல் பட்டம் வாங்கினாள். வணிகப் படிப்பு, அதனால் முடிந்தது. அதே நேரத்தில் டாக்டருக்குப் படித்த பிள்ளைகள் நோயாளியைத் தொடாமல் ஆண்டுகளைக் கழித்தார்கள். எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலும் இந்த யோசனை வேண்டும்.

இன்று அவள் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் இருக்கிறாள். சீனத் தொழிற்சாலைக்காரர்களிடம் நேராகப் பேசுகிறாள். இப்போது ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, "இதில் கையெழுத்துப் போடாதீர்கள்" என்று முதலாளிக்குச் சொல்வது அவள் வேலை.

படிக்கும் காலத்தில் அவள் ரயிலேறி சுவான்சோ என்ற பழைய துறைமுகத்துக்குப் போய் வந்தாள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் சிவன் கோயிலின் சிற்பங்கள் இருக்கின்றன. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் அந்த ஊரில் கிடைத்தது. அதில் தமிழோடு சீன எழுத்தும் உண்டு. எழுநூறு ஆண்டுக்கு முன்னால் அங்கே போன நம் வணிகர்கள்கூட, விஷயத்தை இரண்டு மொழியிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் படிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்?

அந்த லோரி ஓட்டுநர் அன்று புறப்படும்போது என்னிடம் ஒன்று சொன்னார். "என் பணம் திரும்ப வராதுன்னு தெரியும் சார். அடுத்தவன் ஏமாறாம இருக்க இதை நாலு பேருகிட்ட சொல்லுங்க." அதைத்தான் இன்று செய்தேன். இங்கே நம் உரிமைக்காகப் பேசுவதை நாம் நிறுத்தப் போவதில்லை. அதுவரை வெளியே போகிற பிள்ளை சரியான காகிதத்தோடு போகட்டும்.

கூட்டம் முடிந்ததும் நான் உடனே கிளம்ப மாட்டேன். யாரிடமாவது ஏஜெண்ட் கொடுத்த ஒப்பந்தம் இருந்தால் எடுத்து வாருங்கள். இன்றே படித்துப் பார்ப்போம். கட்டணம் கிடையாது.